ராசியான கண்

எங்கள் ஊரில் மாறுகண்ணுக்கு மூன்று பெயர்கள். வீட்டுக்குள் இருக்கும்வரை அது 'ராசிக் கண்ணு'. தெருவில் இறங்கினால் 'ஒன்றரைக் கண்ணு'. பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போகும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, 'பொண்ணுக்கு ஒரு கண்ணு ஒரு மாதிரி இருக்குல்ல?' என்று, அது மூன்றாவது.

குழந்தைக்கு மாறுகண் இருந்தால் வீட்டில் பணம் சேரும், அப்பாவுக்கு உத்தியோகம் உயரும் என்று சொல்லும் பாட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ராசி, பிள்ளை வளர்ந்து கல்யாணத்துக்கு நிற்கும்போது எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

ராசி இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். அதை நம்பி வீட்டோடு காத்திருக்கும் வருஷங்களுக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலை என்ன என்பதை எனக்கு முதலில் காட்டியவன் என் பள்ளிக்கூட நண்பன்.

அவனுக்கு இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்கியிருக்கும். படிப்பில் கெட்டி. கிரிக்கெட்டில் மட்டும் உயரமாக வரும் பந்தை அவன் பிடித்து நான் பார்த்ததில்லை. கை சரியான இடத்துக்குத்தான் போகும், ஒரு கணம் முன்னால் மூடிக்கொள்ளும் அல்லது ஒரு கணம் பிந்தி மூடும். 1984இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்தது. இந்தியாவின் முதல் 3டி படம். சென்னையில் இருந்த என் மாமா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். திரையிலிருந்து ஐஸ்க்ரீம் நீண்டு முகத்துக்கு நேரே வந்தது. தியேட்டரே கையை நீட்டியது. குழந்தைகள் கத்தின. நான் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

இவன் மட்டும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். இடைவேளையில் முறுக்கு தின்றுகொண்டே கேட்டான், "எல்லாரும் எதுக்குடா கைய நீட்டுறாங்க?"

கண்ணாடி சரியில்லையோ என்று என்னுடையதைக் கொடுத்தேன். அதிலும் அவனுக்கு எதுவும் வெளியே வரவில்லை. கோளாறு கண்ணாடியில் இல்லை என்பது புரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

நம் இரண்டு கண்களுக்கும் நடுவில் சுமார் ஆறு சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் வலது கண் பார்க்கும் உலகமும் இடது கண் பார்க்கும் உலகமும் துளி வித்தியாசப்படும். அந்த வித்தியாசத்தை மூளை கணக்குப் போட்டு, 'இது கிட்டே, அது தூரே' என்று சொல்கிறது. 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் இதை நிரூபித்தார். ஒரே பொருளை இரண்டு கண்ணும் பார்க்கிற மாதிரி இரண்டு படங்களாக வரைந்து, கண்ணாடிகள் வைத்து ஆளுக்கொன்றாகக் காட்டினார். தட்டையான இரண்டு கோட்டோவியங்கள், பார்த்தவர் மண்டைக்குள் சேர்ந்து ஒரு கனமான பொருளாக எழுந்து நின்றன. குட்டிச்சாத்தான் ஐஸ்க்ரீம் நீட்டியதும் அதே வித்தைதான். இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம். அவற்றைச் சேர்த்துவைக்க உள்ளே ஆள் இருக்க வேண்டும். என் நண்பனுக்கு அந்த ஆள் இல்லை.

அண்ணாமலையார் கோயிலுக்குப் போகிறவர்கள் பெரிய நந்தியின் முகத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கண்கள் பக்கவாட்டில் இருக்கும். மாட்டுக்கு அப்படித்தான். தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்ட முதுகுப்பக்கம் வரை அதற்குத் தெரியும். புல் மேயும் பிராணிக்குப் பின்னால் வரும் புலி தெரிவதுதான் முக்கியம். இன்னும் உள்ளே போனால் கிளிகோபுரம். பார்வை இழந்த பிரபுடதேவராயனுக்காகப் பாரிஜாத மலர் கொண்டுவர, அருணகிரிநாதர் தன் உடலை விட்டுவிட்டுக் கிளியின் உடலில் புகுந்து போனார், திரும்பி வருவதற்குள் அவர் உடலை எரித்துவிட்டார்கள் என்பது கதை. மன்னனின் கண்ணுக்காகப் போனவருக்குக் கிடைத்தது கிளிக் கண். அதுவும் பக்கத்துக்கொன்றாக இருப்பதுதான்.

மனிதனுக்கும் குரங்குக்கும் புலிக்கும் ஆந்தைக்கும் இரண்டு கண்ணும் முன்பக்கம். முதுகுப்பக்கம் தெரியாது. அந்த நஷ்டத்துக்குப் பதிலாக, இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பரப்பு கிட்டத்தட்ட 120 டிகிரி நமக்குக் கிடைக்கிறது. கிளை விட்டுக் கிளை தாவ, இரை மேல் பாய, ஊசியில் நூல் கோக்க, எல்லாவற்றுக்கும் அது உதவுகிறது. ஆந்தையின் கண் குழியில் இறுகிக் கிடக்கும், அசைக்க முடியாது. அதனால் பாவம், கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. நமக்குக் கண்ணே திரும்பும்.

ஒரு சின்னப் பரீட்சை. அடுத்த முறை மலைக்கு நேரே நிற்கும்போது ஆள்காட்டி விரலை முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் நிறுத்துங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குதிக்கும். இப்போது இரண்டு கண்ணையும் திறந்து மலை உச்சியைப் பாருங்கள், விரல் இரண்டாகத் தெரியும். விரலைப் பாருங்கள், மலை இரண்டாகிவிடும். 2,668 அடி மலை உச்சியின் தீபத்தைப் பார்க்கும்போது நம் இரு கண்களும் இணைகோடுகள் மாதிரி நேராக நிற்கின்றன. குனிந்து உள்ளங்கைத் திருநீறைப் பார்த்தால் இரண்டும் மூக்குப் பக்கம் சாய்கின்றன. ஒரு நாளில் இப்படி எத்தனை ஆயிரம் தடவை! யாராவது ஒருமுறையாவது 'கண்ணே, திரும்பு' என்று சொல்லியிருக்கிறோமா?

அதைத் திருப்புகிறவர்கள் யார் என்று பார்க்க, தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டத்துக்கு வாருங்கள்.

மாட வீதியில் பெரிய தேர் வரும்போது கூட்டம் வடம் பிடித்து இழுப்பதைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். நான் சக்கரத்தடியில் இருக்கிறவர்களைப் பார்ப்பேன். முட்டுக்கட்டை போடுகிறவர்கள். ஒரு பக்கம் இழுவை, ஒரு பக்கம் தடை. இரண்டும் அளவாக இருந்தால்தான் தேர் வீதி முனையில் திரும்பும். கண்ணும் அப்படித்தான். ஒவ்வொரு கண்ணிலும் ஆறு தசைகள், ஆறு வடங்கள். மேலே, கீழே, உள்பக்கம், வெளிப்பக்கம் என்று நேராக இழுக்க நான்கு. சாய்வாக இழுக்க இரண்டு. உள்பக்கத் தசை இழுக்கும்போது வெளிப்பக்கத் தசை தளர்ந்து கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்தால் தேர் நிலைக்கு வராது.

ஆறில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. மேல் சாய்வுத் தசை. அது கண்குழியின் பின்பக்கத்தில் புறப்பட்டு முன்னால் வந்து, மூக்கின் பக்கத்து மேல் மூலையில் ஒரு சின்ன வளையத்துக்குள் நுழைந்து, அங்கே திசை திரும்பி, மறுபடி பின்னோக்கிப் போய்க் கண்ணில் ஒட்டிக்கொள்கிறது. அச்சு அசல் கிணற்று ராட்டினம். நாம் கயிற்றைக் கீழே இழுக்கிறோம், குடம் மேலே வருகிறது அல்லவா, அந்தக் கணக்கு. நம் ஊர்க் கொத்தனாருக்குத் தெரிந்த இந்தத் தொழில்நுட்பம் ஒவ்வொருவர் புருவத்துக்குக் கீழும் இருக்கிறது.

ஒரு கண்ணைத் திருப்புவதோடு வேலை முடிவதில்லை. இங்கே தேர் இரண்டு. வலது பக்கம் பார்க்க வேண்டுமென்றால் வலது கண்ணின் வெளித்தசையும் இடது கண்ணின் உள்தசையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் இழுக்க வேண்டும். மூளை ஆளுக்கொரு உத்தரவு போடுவதில்லை. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரே உத்தரவு, சம பலத்தோடு. எவால்ட் ஹெரிங் என்ற ஜெர்மானியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொன்ன விதி இது. நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போதும் உங்கள் கண்கள் வழுக்கிக்கொண்டு போகவில்லை. சேர்ந்தாற்போல் குதித்துக் குதித்துப் போகின்றன, வினாடிக்கு மூன்று நான்கு குதி. இரண்டும் ஒரே எழுத்தில் போய் இறங்குகின்றன.

இந்த ஒற்றுமையோடு யாரும் பிறப்பதில்லை. கைக்குழந்தையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். முதல் சில வாரங்களில் கண் அது பாட்டுக்கு அலையும். சில சமயம் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. அது சகஜம். இரண்டு மூன்று மாதத்தில் அம்மா முகத்தில் இரண்டு கண்ணும் சேர்ந்து நிலைக்கத் தொடங்கும். மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள், திடீரென்று ஒரு கட்டத்தில், ஆழம் தெரிகிற பார்வை பிறக்கிறது. தொட்டிலில் தொங்கும் கிலுகிலுப்பையைக் குறி தவறாமல் பிடிக்கும் காலம் அதை ஒட்டித்தான் வருகிறது. ஆறு மாதத்துக்குப் பிறகும் ஒரு கண் விலகி நின்றால் அது சகஜம் இல்லை.

ஏனென்றால் அந்த வயதில் மூளையில் ஒரு பஞ்சாயத்து நடக்கிறது. இரண்டு கண்ணும் வேறு வேறு இடத்தைப் பார்த்தால் இரண்டு படமும் சேராது. எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும். பிள்ளையின் மூளை இந்தக் குழப்பத்தைச் சகித்துக்கொள்வதில்லை. ஒரு கண் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு, விலகிய கண் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டுவிடுகிறது. வருஷக்கணக்கில் யாரும் காது கொடுக்காத ஆள் பேச்சையே மறந்துவிடுவான் இல்லையா? அந்தக் கண்ணும் பார்க்க மறக்கிறது. கண்ணில் பூ விழவில்லை, நரம்பு அறுபடவில்லை, எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் பார்வை மங்கிவிடும். 'சோம்பல் கண்' என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கண்ணைக் குற்றம் சொல்லும் பெயர். பஞ்சாயத்து நடந்த இடம் மூளை.

எங்கள் தலத்துக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்பாள் விளையாட்டாகச் சிவனின் கண்களைப் பொத்தினாள். உலகமே இருண்டது. அந்தப் பாவம் தீரத்தான் காஞ்சியில் தவமிருந்து, பிறகு திருவண்ணாமலை வந்து, இடப்பாகம் பெற்றாள் என்பார்கள். அம்பாள் பொத்தியது எல்லாருக்கும் உடனே தெரிந்தது. உலகமே அலறியது. ஒரே ஒரு கண்ணை மட்டும், சத்தமில்லாமல் பொத்தியிருந்தால்? யாருக்கும் தெரிந்திருக்காது. குழந்தைகளுக்கு நடப்பது அதுதான். மூன்று வயதுப் பிள்ளை, 'எனக்கு ஒரு கண் தெரியவில்லை' என்று சொல்லாது. எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்போல என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விடும்.

டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1960களில் அமெரிக்காவில் பூனைக்குட்டிகளை வைத்து இதைத் துருவினார்கள். குட்டியாக இருக்கும்போது சில மாதம் ஒரு கண்ணை மூடிவைத்து, பிறகு திறந்தார்கள். கண் நன்றாகவே இருந்தது, மூளை அதைக் கண்டுகொள்ளவில்லை. வளர்ந்த பூனைக்கு அப்படிச் செய்தபோது ஒன்றும் ஆகவில்லை. வேறு சில குட்டிகளுக்குத் தசையை வெட்டி மாறுகண் வரவைத்தார்கள். இரண்டு கண்ணுக்கும் பொதுவாக வேலை செய்ய வேண்டிய மூளை அணுக்கள் பெரும்பாலும் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டன. ஒன்று வலது, இல்லை இடது. 1981இல் இவர்கள் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பூனைக்குட்டிகளை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால், 'வளர்ந்தா சரியாப் போயிடும்' என்ற சொல் எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்தக் குட்டிகள்தான் நமக்குச் சொன்னன.

பெரியவர்கள் கதை வேறு. சர்க்கரை நோய் இருப்பவருக்குத் திடீரென்று ஒரு நாள் வெளித்தசைக்குப் போகும் ஆறாவது நரம்பு சுணங்கிப்போகலாம். கண் உள்ளே திரும்பும். எதிரே ஒரு பஸ் வந்தால் இரண்டு பஸ் தெரியும். அலறி அடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுவார். ஓடத்தான் வேண்டும். அவர் மூளை இரண்டையும் கேட்டுப் பழகிவிட்டது, ஒன்றைத் தள்ளிவைக்க அதற்குத் தெரியவில்லை.

பட்டோடியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1961 ஜூலையில் இங்கிலாந்தில் ஒரு கார் விபத்து. மன்சூர் அலி கான் பட்டோடியின் வலது கண் பார்வை போனது. அப்போது அவருக்கு 20 வயது. தம்ளரில் ஊற்றிய தண்ணீர் மேஜையில் விழுந்தது என்று பின்னால் எழுதினார். அப்படிப்பட்டவர் ஆறே மாதத்தில், 1962 ஜனவரியில், நம் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன் அடித்தார். அவருடைய முதல் டெஸ்ட் சதம். அந்த மார்ச்சிலேயே இந்தியாவின் கேப்டன். ஒரு கண்ணாலும் தூரத்தை அளக்கலாம். பொருளின் அளவு, நிழல், எது எதை மறைக்கிறது, நாம் நகரும்போது எது வேகமாக நகர்கிறது என்று ஆயிரம் துப்பு இருக்கிறது. ஆனால், அதற்குப் பட்டோடி பட்ட பாடு கொஞ்சமல்ல. எல்லாருக்கும் அது வாய்க்காது.

என் நண்பன் இன்று செங்கம் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். கடைக்கு வருபவரிடம் அவன், "இன்னா வேணும்?" என்று கேட்டால், அவர் தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்ப்பார். நாற்பது வருஷம் இதைத் தினமும் பார்த்தவன் அவன். மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது ஒரு நாள் வந்து, "ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன்" என்றான். அவன் மனைவி பயந்தார். கண்ணை வெளியே எடுத்து, கழுவி, திருப்பி வைப்பார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

அப்படி எதுவும் கிடையாது. கண் இருந்த இடத்திலேயே இருக்கும். தசைகள் கண்ணின் மேற்புறத்தில்தான் ஒட்டியிருக்கின்றன. டாக்டர் மேலே இருக்கும் மெல்லிய சவ்வைத் திறந்து, அதிகமாக இழுக்கும் தசையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தித் தைப்பார், அல்லது சோர்ந்திருக்கும் தசையைச் சற்று வெட்டி இறுக்குவார். நகர்த்துவது மில்லிமீட்டர் கணக்கில். 1839இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற டாக்டர் முதலில் செய்தது. இன்று வழக்கமான சிகிச்சை. சிலருக்கு ஊசியே போதும். இன்று நடிகைகள் முகச்சுருக்கம் போகப் போட்டுக்கொள்வதாகச் சொல்கிறார்களே போடாக்ஸ், அது முதலில் மருந்தாக வந்தது மாறுகண்ணுக்குத்தான். ஆலன் ஸ்காட் என்ற அமெரிக்கக் கண் டாக்டர் 1980இல் தன் முடிவுகளை வெளியிட்டார். அழகுக்காரர்கள் பிற்பாடு வந்து பிடித்துக்கொண்டார்கள்.

நண்பனின் கண் நேரானது. இப்போது வாடிக்கையாளர்கள் யாரும் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. மகள் கல்யாண போட்டோவில் அவன் கேமராவை நேராகப் பார்க்கிறான், வாழ்க்கையில் முதல் தடவையாக. ஆனால் 3டி வரவில்லை. போன வருஷம் பேரனோடு ஒரு 3டி படத்துக்குப் போய்விட்டு வந்து, "கண்ணாடிக்கு வாடகை தண்டம்டா" என்று சிரித்தான். தேர்ச்சக்கரத்தை நேராக நிறுத்திவிட்டார்கள். ஏறி உட்கார வேண்டிய சாமி சின்ன வயதிலேயே போய்விட்டது. சூசன் பேரி என்ற அமெரிக்க நரம்பியல் பேராசிரியை விதிவிலக்கு. கைக்குழந்தையிலிருந்து மாறுகண், சிறு வயதில் மூன்று ஆபரேஷன், கண் பார்க்க நேரானது, ஆழம் தெரியவில்லை. 48 வயதில் கண் பயிற்சிகள் செய்து, ஒரு நாள் காருக்குள் உட்கார்ந்தபோது ஸ்டீயரிங் தனியாக அந்தரத்தில் நிற்பதைப் பார்த்தார். 2009இல் அதைப் புத்தகமாக எழுதினார். அவரைப் போல ஒருவர் இருக்கிறார் என்பது நம்பிக்கை தருகிறது. அந்த நம்பிக்கையில் பிள்ளைகளைக் காக்கவைக்க முடியாது.

இதையெல்லாம் நான் கொஞ்சம் படித்துவைத்திருந்தது, திருமஞ்சன கோபுரம் பக்கம் பூ விற்கும் அம்மாவிடம் பயன்பட்டது.

அவர் பேத்திக்கு அப்போது மூன்றரை வயது. கூடை பக்கத்தில் உட்கார்ந்து மல்லியைப் பொறுக்கும்போது வலது கண் உள்ளே போகும். தூரத்தில் போகும் ஆட்டோவைப் பார்த்தால் கொஞ்சம் நேராகும். நான் கவனிப்பதைப் பார்த்து அந்த அம்மாவே சொன்னார்.

"ராசிக் கண்ணு சார். இது வந்தப்பறம்தான் எனக்கு இந்த எடம் கெடச்சுது."

"எப்ப இருந்தும்மா இப்பிடி?"

"ரெண்டு வயசுல ஒரு ஜொரம் வந்துச்சு. அதுக்கப்பறம்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டுனா ராசிய எடுத்துருவாங்கன்றாங்களே சார்."

அவரிடம் பூனைக்குட்டி, நோபல் பரிசு எல்லாம் பேசினால் எடுபடாது. "ராசி கண்ணுல இல்லம்மா, புள்ளைகிட்ட இருக்கு. கண்ணு நேரானா புள்ள எங்க போயிடப்போவுது?" என்றேன். இரண்டு பௌர்ணமி யோசித்தார். மூன்றாவது பௌர்ணமி கிரிவலக் கூட்டம் முடிந்த மறுநாள், மகளையும் பேத்தியையும் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததில், பிள்ளைக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. பவர்தான். பிளஸ் ஐந்து. விஷயம் இதுதான். கிட்டத்தில் பார்க்க நாம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை இறுக்குகிறோம். அந்த உத்தரவோடு 'கண்களே, உள்ளே திரும்புங்கள்' என்ற உத்தரவும் ஒட்டிக்கொண்டு போகும். அவ்வளவு தூரப்பார்வை இருக்கிற பிள்ளை எதைப் பார்க்கவும் லென்ஸை இறுக்க வேண்டும். கூடவே கண்ணும் உள்ளே போய்விடும். கண்ணாடி போட்டு அந்தச் சிரமத்தைக் குறைத்தால் கண் தானாக நேராக நிற்கும். நின்றது. கண்ணாடி போட்ட அன்றே நான் பார்த்தேன், பாதிக்கு மேல் நேராகிவிட்டது.

பிள்ளையின் அம்மாவுக்கு அழுகை. "பொம்பளப் புள்ளைக்கு இந்த வயசுலயே சோடாபுட்டியா?" அதைவிடப் பெரிய சண்டை அடுத்தது. வலது கண் பார்க்க மறந்திருந்ததால், நன்றாக இருக்கும் இடது கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் பட்டை ஒட்டி மூடச் சொல்லியிருந்தார்கள். ஆயா என்னிடம் பாய்ந்தார்.

"நல்லாப் பாக்குற கண்ண மூடிட்டு, பாக்காத கண்ணத் தொறந்து வெக்கிறீங்களே, இது இன்னா சார் வைத்தியம்?"

நியாயமான கேள்வி. 1743லேயே பஃபோன் என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதிவைத்த வைத்தியம் இது. கெட்டிக்காரப் பையன் எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்னால், வாத்தியார் அவனை, 'நீ கொஞ்சம் சும்மா இரு, அவன் சொல்லட்டும்' என்பாரே, அதுதான் என்றேன். முதல் வாரம் பிள்ளை பட்டையைப் பிய்த்துப் போட்டது. கூடையில் இடித்துக்கொண்டு விழுந்தது. பிறகு ஆயாவே வழி கண்டுபிடித்தார். பட்டை ஒட்டியிருக்கும் நேரம் பூ பொறுக்கும் நேரம். மல்லி ஒரு பக்கம், கனகாம்பரம் ஒரு பக்கம், மரிக்கொழுந்து ஒரு பக்கம். இரண்டு மணி நேரம் போவதே தெரியவில்லை. டாக்டர் கேட்டுவிட்டு, "நான் சொல்ற ஹோம் வொர்க்கவிட இது நல்லாருக்கு" என்றாராம்.

வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மூக்குத்தண்டு அகலமாக இருக்கும் சில குழந்தைகளுக்கு மாறுகண் இருப்பதுபோல் தோன்றும், இருக்காது. செல்போனில் ஃபிளாஷ் போட்டு நேராக ஒரு போட்டோ எடுங்கள். இரண்டு கருவிழியிலும் வெள்ளைப் புள்ளி ஒரே இடத்தில் விழுந்தால் பெரும்பாலும் பயமில்லை. சந்தேகம் இருந்தால் டாக்டர்தான் சொல்ல வேண்டும். பிள்ளை தலையைச் சாய்த்தே பார்ப்பது, வெயிலில் ஒரு கண்ணை மட்டும் மூடுவது, குடும்பத்தில் வேறு யாருக்காவது மாறுகண் இருப்பது, இவற்றைக் கவனியுங்கள். போட்டோவில் பாப்பாவின் நடுவே சிவப்புக்குப் பதில் வெள்ளையாக மின்னினால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். கண்ணுக்குள் கட்டியோ புரையோ இருக்கலாம். சோம்பல் கண்ணுக்கு ஏழு எட்டு வயதுக்குள் பார்ப்பது நல்லது. அதற்கு மேலும் சில பிள்ளைகளுக்குப் பலன் தெரிவதாக 2005இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது, அதனால் வயது தாண்டிவிட்டது என்று கைவிடவும் வேண்டாம். மாறுகண் தெரியாமலே, ஒரு கண்ணில் மட்டும் பவர் இருந்தும் இது வரலாம். ஆகவே பள்ளியில் சேர்ப்பதற்கு முன் ஒருமுறை எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் பார்த்துவிடுங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது, உலகத்திலேயே பழைய கண் ஆஸ்பத்திரிகளில் இரண்டாவது. எங்கள் பக்கத்துக்காரர்கள் புதுச்சேரி தவளக்குப்பத்தில் 2003இல் வந்த அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் போகிறார்கள். தூரம் ஒரு காரணமில்லை.

பூக்கார அம்மாவின் பேத்தி இப்போது ஒன்றாம் வகுப்பு. ஒன்றரை வருஷம் பட்டை ஒட்டினாள். கண்ணாடி தொடர்கிறது. கண் டாக்டர்களிடம் ஒரு ஈ படம் இருக்கிறது. பெரிய ஈ. 3டி கண்ணாடி போட்டுக்கொண்டு அதன் இறக்கையைப் பிடிக்கச் சொல்வார்கள். முதல் தடவை போனபோது இவள் காகிதத்தின் மேலேயே விரலை வைத்துத் தேய்த்தாளாம். போன மாதம் காகிதத்துக்கு மேலே, அந்தரத்தில் விரலை வைத்துக் கிள்ளினாளாம். கிள்ளிவிட்டு, 'ச்சீ' என்று கையை உதறினாளாம். ஆயா நடித்தே காட்டினார்.

"சரிம்மா, கண்ணு நேராயிடுச்சு. ராசி எப்பிடி, யாவாரம் கொறஞ்சுதா?" என்று கேட்டேன்.

ஆயா முழம் போட்டுக்கொண்டே சொன்னார். "அது எப்பவும் போலத்தான் சார். பௌர்ணமிக்கு விக்கும், அமாவாசைக்கு விக்கும். நடுவுல வாடும்."